நெக்ரோஃபீலியா: சொற்பிறப்பும் தமிழாக்கச் சிக்கலும்

0. முன்னுரை

கர்நாடக உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் வழங்கிய தீர்ப்பொன்று, சட்ட அறிஞர்க்கு மட்டுமன்றி மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஆராய்தற்குரிய சிக்கலொன்றை முன்வைத்தது. துமகூரு மாவட்டத்தில் 2015இல் இளம்பெண் ஒருவர் கொலையுண்ட வழக்கின் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு எழுந்தது. கொலைக் குற்றத்துக்கான ஆயுள் தண்டனையை நீதிமன்றம் உறுதி செய்தது. ஆயின், உயிர் நீங்கிய பின் அவ்வுடலின்மீது நிகழ்த்தப்பட்ட பாலியற் செயலுக்காகக் கீழமை நீதிமன்றம் விதித்த தண்டனையை நீக்கியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 375, 377ஆம் பிரிவுகளில் வரும் 'பெண்', 'ஆண்', 'ஆள்' என்னும் சொற்கள் உயிரற்ற உடலைக் குறிக்கமாட்டா என்பதே காரணம். அச்செயலை 'நெக்ரோஃபீலியா' எனப் பெயரிட்ட நீதிமன்றம், அதனைத் தண்டிக்க வகை செய்யும் திருத்தத்தை ஆறு திங்களுக்குள் கொணருமாறு ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைத்தது.

ஒரு சொல்லின் பொருளெல்லையே ஒரு குற்றம் குற்றமாவதையும் ஆகாமற் போவதையும் முடிவு செய்த நிகழ்வு இது. தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. செய்தி கன்னடத்திலும் தமிழிலும் பரவியது. அல்சூர் போன்ற பகுதிகளில் வாழும் பெங்களூர்த் தமிழர் இம்மூன்று மொழிகளையும் ஒரே நாளிற் கேட்பவர்கள். மூன்று மொழிச் செய்திகளும் ஒரே செயலைக் கூறின எனினும், மூன்றும் ஒரே பொருளைக் கூறின எனல் இயலாது. இக்கட்டுரை அச்சொல்லின் பிறப்பையும் பொருள் வளர்ச்சியையும் ஆராய்ந்து, அதற்குத் தமிழில் வழங்கும் பெயர்ப்புகளை மதிப்பிடுகிறது.

1. கிரேக்க உறுப்புகள்

'நெக்ரோஃபீலியா' இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. முன்னுறுப்பாகிய 'நெக்ரோஸ்' பிணத்தையும் இறந்தவனையும் ஒருங்கே குறிக்கும். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் அழிதல், சாதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து இது கிளைத்தது. அவ்வேரின் கிளைகளே கொலையைக் குறிக்கும் 'நெக்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லும், அழிதலைக் குறிக்கும் 'நச்' என்னும் வடமொழி வினையடியும். அவ்வடியிற் பிறந்த 'நாச' என்பதே தமிழில் 'நாசம்' என வழங்குகிறது. 'நசிதல்', 'நசிவு' என்பனவும் அவ்வழிப்பட்டவை. எனவே 'நெக்ரோஸ்' என்பதற்குத் தூரத்து உறவுடைய சொல்லொன்று நெடுங்காலமாகத் தமிழில் வழங்கி வருகிறது. உடற்றிசுக்களின் சாவைக் குறிக்கும் 'நெக்ரோசிஸ்' என்பதை 'நசிவு' எனப் பெயர்த்தால், அப்பெயர்ப்பு பொருளால் மட்டுமன்றிப் பிறப்பாலும் மூலத்தோடு இனமாகும்.

கிரேக்க மொழியில் உடலைக் குறிக்கும் 'சோமா' என்னும் சொல்லின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. ஹோமரின் காப்பியங்களில் அச்சொல் உயிரற்ற உடலுக்கே வருகிறது என்பதைப் பண்டை உரையாசிரியராகிய அரிஸ்டார்க்கஸ் சுட்டியுள்ளார். பின்னரே அது உயிருள்ள உடலையும் தழுவியது. தமிழில் இதற்கு மாறான போக்கைக் காண்கிறோம். சித்தர் பாடல்களில் உயிருள்ள உடலைக் குறித்த 'சடலம்' இன்று பிணத்தையே குறிக்கிறது. இலத்தீனில் உடலைக் குறித்த 'கார்ப்பஸ்' ஆங்கிலத்தில் 'கார்ப்ஸ்' எனப் பிணமானதும், ஆங்கிலத்தில் உடலைக் குறிக்கும் 'பாடி' தமிழ்ப் பேச்சு வழக்கில் பிணம் என்னும் பொருளுக்குச் சுருங்கியதும் இதே போக்கினவே. உடலுக்கும் பிணத்துக்கும் இடையிலுள்ள எல்லை, சொற்பொருள் மாற்றத்தில் மிக எளிதிற் கடக்கப்படும் எல்லை என்பது இவற்றாற் பெறப்படும்.

பின்னுறுப்பாகிய 'ஃபீலியா' மொழிபெயர்ப்பாளர்க்கு மிகுந்த இடர் தருவது. கிரேக்க மொழியில் அது முதன்மையாக நட்பையும் கேண்மையையும் குறித்தது. அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் எட்டாம், ஒன்பதாம் நூல்களை இதற்கென்றே ஒதுக்கினார். காமத்தைக் குறிக்க 'ஈராஸ்' என்னும் வேறு சொல் அம்மொழியில் இருந்தது. நட்பைக் குறித்த சொல் காமத்தைக் குறிக்க வந்தது 19ஆம் நூற்றாண்டு மருத்துவரின் ஆட்சியால் ஆகும். அதே காலத்தில் அவ்வுறுப்பு வேறொரு பொருளையும் ஏற்றது. குருதி உறையாமைப் பிணியைக் குறிக்கும் 'ஹீமோஃபீலியா'வில் 'ஃபீலியா' அன்பும் அன்று, காமமும் அன்று. ஒன்றன்பாற் சாய்ந்து நிற்கும் இயல்பு என்பதே அங்குப் பொருள். ஆகவே இவ்வுறுப்புக்கு நட்பு, சாய்வு, காமம் என்னும் முப்பொருள் உண்டு. எல்லா இடத்தும் ஒரே தமிழ்ச்சொல்லால் அதனைப் பெயர்க்க முயல்வது பிழையில் முடியும்.

கிரேக்கக் கூட்டுச்சொற்கள் பிறமொழிக்குட் செல்லும்போது தவறாகப் பகுக்கப்படுவதும் உண்டு. இறந்தோரிடம் குறி கேட்டலைக் குறித்த 'நெக்ரோமான்டியா' என்னும் சொல், இடைக்கால இலத்தீனில் 'நிக்ரோமான்சியா' எனத் திரிந்தது. கருமையைக் குறிக்கும் 'நிகர்' என்னும் இலத்தீன் சொல்லோடு மக்கள் அதனை இணைத்தமையால், அது 'கருங்கலை', அதாவது சூனியம் என்னும் பொருளைப் பெற்றது. முன்னுறுப்பின் ஒலியொப்புமையால் விளைந்த பிழை அது. இன்று தமிழில் நேர்வது பின்னுறுப்பின் பொருளைச் சரிவர ஆராயாமையால் விளைவது.

2. சொல்லாட்சியின் வரலாறு

செயல் பழையது, சொல் புதியது. எகிப்தியரைப் பற்றி எழுதிய ஹெரோடோட்டஸ், உயர்ந்தோர் மனைவியர் இறந்தால் அவருடலைப் பதப்படுத்துவோரிடம் உடனே ஒப்படையாது மூன்று நான்கு நாள் கழித்தே ஒப்படைப்பர் என்றும், இத்தகைய இழிசெயலைத் தடுப்பதற்காகவே அவ்வழக்கம் ஏற்பட்டது என்றும் தம் இரண்டாம் நூலிற் குறித்துள்ளார். அவர் அதற்குத் தனிப்பெயர் எதுவும் தரவில்லை.

பெயர் தோன்றியது 1850ஐ ஒட்டி. பாரிசின் இடுகாடுகளிற் பிணங்களைத் தோண்டியெடுத்துச் சிதைத்த பெர்ட்ரான் என்னும் படைவீரன் 1849இல் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டான். அவனைச் செய்தித்தாள்கள் 'வாம்பயர்' என்றே அழைத்தன. பெல்ஜிய மனநோய் மருத்துவரான ஜோசஃப் கிஸ்லேன் தம் விரிவுரைகளில் இத்தகையோரைக் குறிக்க 'நெக்ரோஃபீல்' என்னும் சொல்லை ஆண்டார். அவ்விரிவுரைகள் 1852இல் நூலாக வெளிவந்தன. கிராஃப்ட்-எபிங்கின் 1886ஆம் ஆண்டு நூல் வழியாக இச்சொல் ஐரோப்பிய மருத்துவ வழக்கில் நிலைபெற்றது. பேயைக் குறித்த நாட்டுப்புறச் சொல்லின் இடத்தில் நோயைக் குறிக்கும் கலைச்சொல் அமர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் சாரம். செய்தவனை அரக்கன் என்னாது நோயாளி என்று காண்பது அச்சொல்லின் நோக்கம். அது செயலின் பெயரன்று. செய்தோனின் உளநிலைக்குப் பெயர்.

20ஆம் நூற்றாண்டில் எரிக் ஃப்ரோம் இச்சொல்லைப் பாலியல் எல்லைக்கு வெளியே கொண்டு சென்றார். 1964இலும் 1973இலும் வெளிவந்த தம் நூல்களில், உயிருள்ளவற்றை விடுத்து உயிரற்றவற்றையும் இயந்திரத்தன்மையையும் அழிவையும் நாடும் குணப்போக்கு முழுவதையும் அவர் இச்சொல்லாற் குறித்தார். அதற்கு எதிர்ச்சொல்லாக உயிர்மீது கொள்ளும் நாட்டத்தை 'பயோஃபீலியா' என்றார். பிற்கூறிய சொல்லை உயிரியலார் எட்வர்ட் வில்சன் 1984இல் தம் நூலுக்கே தலைப்பாக்கினார். ஃப்ரோம் காட்டும் மனிதன் பிணத்தைத் தீண்டியவன் அல்லன். போரையும் ஒடுக்குமுறையையும் விரும்புபவன். ஃப்ரோமை மொழிபெயர்ப்போர் 'சவக்காமம்' போன்ற சொல்லை அவ்விடத்தில் இட்டால், நூலின் வாதம் முழுவதும் நிலைகுலையும்.

எனவே இச்சொல்லுக்கு இன்று மூன்று ஆட்சிகள் உண்டு. மனநோய் மருத்துவத்தில் அது ஒரு விருப்பத்தின் பெயர். சமூக உளவியலில் ஒரு குணப்போக்கின் பெயர். செய்தித்தாள்களிலும் அண்மைய இந்தியத் தீர்ப்புகளிலும் ஒரு செயலின் பெயர். மூன்றாவது ஆட்சி முதலாவதன் நெகிழ்ச்சியான விரிவே ஆகும்.

3. பிணமும் ஹெணமும்: அல்சூரின் சான்று

பிணத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களுள் 'பிணம்' ஒன்றே ஐயத்துக்கு இடமின்றித் திராவிட வேருடையது. 'சவம்' வடசொல். 'பிரேதம்' என்பதும் வடசொல்லே. முன்னோக்கிச் சென்றது, அதாவது இவ்வுலகை நீங்கியது என்பது அதன் உறுப்புப்பொருள். பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி பிணம் என்பதற்குத் தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகிய மொழிகளில் இனச்சொற்களைத் தருகிறது. கன்னடத்தில் அது பழைய வழக்கில் 'பெண', இன்றைய வழக்கில் 'ஹெண'.

இவ்விணையில் இரு ஒலிமாற்றங்கள் உள்ளன. முதலாவது, மொழிமுதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாதல். பால் - ஹாலு, பத்து - ஹத்து, புலி - ஹுலி, பள்ளி - ஹள்ளி என்பன யாவரும் அறிந்தவை. இரண்டாவது, அகரம் அல்லது ஐகாரம் அடுத்த அசையில் வரும்போது தமிழ் எழுத்து வழக்கின் இகரத்துக்குக் கன்னடத்தில் எகரம் வருதல். நிலம் - நெல, இலை - எலெ, விலை - பெலெ என்பன போன்றே பிணம் - ஹெண. தமிழ்ப் பேச்சு வழக்கிலும் இலை 'எலை'யாகவும், விலை 'வெலை'யாகவும் ஒலிப்பதுண்டு. பிணமோ இதழொலிக்குப் பின் வருதலின் உயிர் குவிந்து 'பொணம்' ஆகிறது.

அல்சூர் என்னும் ஊர்ப்பெயரிலும் இம்மாற்றமே பதிந்துள்ளது. கன்னடத்தில் அவ்வூர் 'ஹலசூரு'. பலாவைக் குறிக்கும் 'ஹலசு' என்னும் சொல்லோடு அப்பெயரை இணைத்துக் கூறுவது வழக்கம். ஹலசு என்பதன் பழைய வடிவம் 'பலசு'. தமிழ்ப் 'பலா' அதன் இனம். தமிழர் ஹகரத்தை விடுத்து 'அல்சூர்' என்றனர். ஆங்கிலேயர் தம் எழுத்துக்கேற்ப எழுதினர். அவ்வாங்கில எழுத்தை மீண்டும் தமிழிற் பெயர்த்தோர் 'உல்சூர்' என்றனர். பலாவுக்கும் ஹலசுக்கும் உள்ள நேருறவு, இடையே ஆங்கிலம் புகுந்தமையால் கண்ணுக்குத் தெரியாது போயிற்று.

கலைச்சொல்லாக்கத்திலும் இதே நிலையைக் காணலாம். கன்னடத்தில் இச்செயலைச் 'சவசம்போகம்' என ஆள்வோர் உண்டு. தமிழிலும் கன்னடத்திலும் ஒரே வேரினவான பிணமும் ஹெணமும் கலைச்சொல்லில் இடம்பெறாமல், இருமொழியாளரும் வடசொல்லையோ ஆங்கில வடிவையோ நாடுகின்றனர். 'ஹெண', 'பிணம்' என்பன கொச்சை, அமங்கலம் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். இறந்தோரைத் 'துஞ்சினார்' என்பதும், சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் தமிழிலக்கணம் மங்கல வழக்கு என ஏற்றவை. துயருற்றோர் முன் பேசுங்கால் அவ்வழக்கு தக்கதே. ஆயின், கலைச்சொல்லுக்கு வேண்டுவது மங்கலம் அன்று, திட்பம்.

4. பிணத்தின் திணை

நீதிமன்றம் எதிர்கொண்ட வினாவைத் தமிழிலக்கண நெறியிற் கூறின், பிணம் உயர்திணையா அஃறிணையா என்பதாகும். தொல்காப்பியம் உயர்திணையை மக்கள் என்னும் சுட்டோடு பிணைக்கிறது. அதே கிளவியாக்கத்தில், காலம், உலகம், உயிர், உடம்பு முதலிய பத்துச் சொற்கள் தனித்தெடுத்து ஓதப்படுகின்றன. அவை உயர்திணைப் பொருளொடு தொடர்புடையனவாயினும் ஆண், பெண், பலர் எனப் பால் பிரிந்து இசையா. 'உடம்பு' அப்பட்டியலில் இடம்பெறுதல் குறிப்பிடத்தக்கது. மக்களுக்குரியதாய் இருந்தும் மக்களாய் நில்லாத பொருளொன்று உண்டு என்பதை இலக்கணம் பண்டே உணர்ந்திருந்தது.

இன்றைய வழக்கிலும் இவ்வேறுபாடு வினைமுடிபில் வெளிப்படுகிறது.

(அ) இறந்த பெண் அங்கே கிடந்தாள்.
(ஆ) பெண்ணின் பிணம் அங்கே கிடந்தது.

இரு தொடர்களும் ஒரே காட்சியைக் கூறுகின்றன. முதலாவதிற் 'பெண்' எழுவாய். 'இறந்த' என்பது அடை. இரண்டாவதிற் 'பிணம்' எழுவாய். 'பெண்' உடைமையளவிற் குறுகி நிற்கிறது. (அ) தொடரின் வழிச் சிந்திப்போர்க்கு அவள் இன்னும் பெண்ணே. அவள்மீது நிகழ்ந்தது பெண்மீது நிகழ்ந்ததே. (ஆ) தொடரின் வழிச் சிந்திப்போர்க்கு அங்குள்ளது ஒரு பொருள். 'பெண்' என்பது எவ்வயதினளாயினும் மாந்த இனத்துப் பெண்பாலைக் குறிக்கும் என்று சட்டம் வரையறுத்திருந்தது. அவ்வரையறைக்குள் இறந்தவள் அடங்குவாளா என்பதற்கு நீதிமன்றம் (ஆ) தொடரின் வழியே விடை கண்டது. தண்டனைச் சட்டச் சொற்களைக் குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு எதிராக விரித்துப் பொருள் கொள்ளலாகாது என்னும் நெறியின்படி அது பிழையன்று. 2024 டிசம்பரில் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்தது.

மக்கள் வழக்கோ (அ) தொடரையே சார்ந்தது. இழவு வீட்டில் 'அவரை எப்போது எடுக்கிறார்கள்?' என்று கேட்பரேயன்றி, 'அதனை' என்னார். ஊரார் பொதுப்படப் பேசுமிடத்தில் 'பொணம் போகுது' என்பர். தம் வீட்டாரைப் பற்றிப் பேசுமிடத்தில் அவ்வாறு சொல்லார். உறவின் அணிமையே திணையை முடிவு செய்கிறது. வள்ளுவரும் ஒப்புரவறியாதானை இறந்தோருள் வைத்தெண்ணும் 214ஆம் குறளில், இறந்தோரைப் பலர்பாற் சொல்லாலேயே குறிக்கிறார்.

சட்டத்தினுள்ளும் இருவேறு குரல்கள் உண்டு. மாண்போடு நடத்தப்படும் உரிமை இறந்தோர் உடலுக்கும் உரியது என உச்ச நீதிமன்றம் 1995இல் பரமானந்த் கட்டாரா வழக்கிற் கூறியது. மறுபுறம், பழைய தண்டனைச் சட்டத்தின் 297ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆம் பிரிவும் பிணத்தை இழிவுசெய்தலைக் குற்றமாக்குகின்றன. ஆயினும், பிறர் உணர்வைப் புண்படுத்தும் அல்லது சமயத்தை அவமதிக்கும் நோக்கமோ, அவ்வாறு நேரும் என்னும் அறிவோ இருந்தால்தான் அது குற்றம்; உச்ச அளவு ஓராண்டுச் சிறை. அங்குச் சட்டம் காப்பது உயிரோடிருப்போரின் உணர்வை. இறந்தோரின் உடலை அன்று. இழிவு 'பிணத்துக்கு' எனச் சொல்லளவில் நான்காம் வேற்றுமை நிற்பினும், கருத்தளவில் இழிவுற்றோர் பிறரே. தமிழாக்குவோர் இவ்வேறுபாட்டை மறைத்தல் கூடாது.

5. குறள் 913: தழுவுவோர் யார்?

தமிழிலக்கியத்தில் இப்பொருளுக்கு மிக அணுக்கமான உவமை வரைவின் மகளிர் அதிகாரத்து மூன்றாம் குறளில் உள்ளது. பொருளையே நாடும் மகளிரின் பொய்ம்மையான முயக்கம், இருட்டறையில் முன்பின் அறியாத பிணத்தைத் தழுவுதற்கு ஒப்பிடப்படுகிறது. 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் அல்சூர் ஏரியின் அருகே திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையும், அதற்கு நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்ட சர்வக்ஞர் சிலையும் இருமொழி உறவின் அடையாளங்களாகப் போற்றப்படுகின்றன. குறளைக் கன்னடத்துக்கோ ஆங்கிலத்துக்கோ கொண்டு செல்வோர் அனைவரும் இக்குறளில் ஓர் இலக்கணச் சிக்கலை எதிர்கொள்வர்.

தழுவுதலைக் குறிக்கும் வினையெச்சம் இங்கு எழுவாயின்றி நிற்கிறது. தழுவுவோர் யார்? ஆடவன் எனக் கொள்ளின், அவன் பெறும் இன்பம் பிணத்தைத் தழுவிய இன்பம், அவளே பிணம். பரிமேலழகர் இவ்வாறு கொள்ளவில்லை. கூலிக்குப் பிணம் எடுப்போரை அவர் எழுவாயாக வருவிக்கிறார். அவருரைப்படி தழுவுபவள் அம்மகளே. கூலிக்காகப் பிணம் எடுப்போர் அகத்தில் அருவருப்புடன் புறத்தே அதனைத் தழுவுதல் போல, அவளும் விருப்பமின்றி அவனைத் தழுவுகிறாள், அவனே பிணம். இக்கால உரைகளுள் மு. வரதராசனாரது உரை தழுவுவோர் யாரெனக் கூறாமல் மூலத்தின் பொதுமையைக் காக்கிறது. ஆங்கிலம் போன்ற மொழிகளில் வினைக்கு எழுவாய் வேண்டுமாதலின், மொழிபெயர்ப்பாளர் ஏதேனும் ஒரு பக்கம் சாயவோ, வினையைத் தொழிற்பெயராக்கி நழுவவோ நேர்கிறது.

இருவழியில் எதனைக் கொள்ளினும் ஒன்று தெளிவு. இக்குறளில் பிணத்தின்மீது விருப்பம் இல்லை. முதலாம் பொருளில் தழுவுவோன் அது பிணம் என்பதை அறியான். இருட்டறை அதற்கே சொல்லப்பட்டது. இரண்டாம் பொருளில் அறிந்தே தழுவுவோர்க்கு அருவருப்பே உண்டு. ஆகவே இக்குறளை நெக்ரோஃபீலியாவுக்குப் பண்டைத் தமிழ்ச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. 'ஃபீலியா' இல்லாத இடம் இது. தழுவலில் இருபக்க இசைவு இன்றியமையாதது என்பதையும், ஒருபக்கம் இசைவற்றிருப்பின் அத்தழுவல் பிணத்தைத் தழுவுதலாகிவிடும் என்பதையும் வள்ளுவர் உணர்த்துகிறார். இசைவின்மைக்கு எல்லைக் குறியாகப் பிணம் இங்கு நிற்கிறது. சட்டம் இன்று தேடும் கருத்தும் இதுவே.

6. வழங்கும் தமிழாக்கங்கள்

(அ) 'பிணத்துடன் உறவு', 'சடலத்துடன் உடலுறவு': செய்தி எழுத்திற் பயில்வன இவை. 'உறவு' இருவர் ஒருவரையொருவர் சார்ந்திருத்தலைக் குறிப்பது. 'உடன்' என்னும் மூன்றாம் வேற்றுமைச் சொல்லுருபு உடனிகழ்ச்சிப் பொருளது. மற்றவரும் வினையிற் பங்கு கொள்வதை உணர்த்துவது. இசையவோ மறுக்கவோ இயலாத ஒன்றை வினைப்பங்காளியாக்குவதால் இத்தொடர்கள் பொருளைத் திரிக்கின்றன. இடக்கரடக்கல் கருதி இவ்வாறு எழுதப்படுவதாயின், அதன் பயன் குற்றத்தை மென்மையாக்குதலே. இடக்கரடக்கல் கேட்போரின் கூச்சத்தைக் காக்க எழுந்தது; செய்தோனின் செயலை மறைக்க எழுந்ததன்று.

(ஆ) 'பிணப்புணர்ச்சி': சொல்லமைப்பில் திட்பமானது, வேரும் தமிழ். எனினும் புணர்ச்சியும் இருபாற் சேர்க்கையையே குறிக்கும். அகத்திணையில் ஒத்த தலைவனும் தலைவியும் கூடுதல் புணர்ச்சி. எழுத்திலக்கணத்தில் நிலைமொழியும் வருமொழியும் தம்முள் இயைதலும் புணர்ச்சி. இருவழியும் இயைபே அடிப்பொருள். கன்னடச் 'சவசம்போக'த்திலும் இக்குறையே உள்ளது. 'சம்' என்னும் முன்னொட்டு உடனாதலைச் சுட்டும். அன்றியும் 'புணர்ச்சி' செயலின் பெயர். மூலச்சொல்லோ விருப்பத்தின் பெயர். விருப்பமிருந்தும் செயலில் இறங்காத நோயாளியைப் பற்றி மருத்துவர் எழுதுமிடத்தில் இச்சொல் அவனைச் செய்யாத குற்றத்துக்கு ஆளாக்கும்.

(இ) 'சவக்காமம்': விருப்பத்தைக் குறித்தலின் மருத்துவ ஆட்சிக்கு நெருங்கியது. ஆயின் வள்ளுவர் மூன்றாம் பாலின் பொருளாகக் கொண்ட 'காமம்' இருவர்க்கும் ஒத்த அன்பின் இன்பம். பிற்காலத்தில் அச்சொல் இழிபொருளுக்கு இறங்கியதெனினும், கலைச்சொல்லாக்கம் அவ்விறக்கத்தை நிலைப்படுத்த வேண்டுவதில்லை. ஃப்ரோமின் ஆட்சிக்கும் இது உதவாது.

(ஈ) 'பிணவிழைவு': இதற்கு வலுவான ஆதாரம் உண்டு. பிறன் மனைவியை விரும்புதலை வள்ளுவர் 'விழைதல்' என்னும் சொல்லாலேயே குறிக்கிறார். தகாத ஒருதலை விருப்பத்துக்கு அது பொருந்தும். தடையாக நிற்பது இன்றைய வழக்கு. 'தன்பால் விழைவு' முதலிய தொடர்களில் 'விழைவு' இசைவுள்ளோரின் பாலீர்ப்பைக் குறிக்கப் பயின்றுவிட்டது. பழைய 377ஆம் பிரிவு இயற்கைக்கு மாறானவை எனப் பலவற்றை ஒரே தொடரில் அடைத்து, ஒரு சமூகத்தாரை நெடுங்காலம் குற்றவாளியராக்கி வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் வயதுவந்தோரின் இசைவுள்ள உறவை அதிலிருந்து விடுவித்தது. புதிய சட்டத்தில் அப்பிரிவே இடம்பெறவில்லை. சட்டம் பிரித்துவிட்டதைக் கலைச்சொல் மீண்டும் ஒரே ஈற்றால் பிணைத்தல் தகாது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று ஆட்சிகளுக்கும் ஒரே பெயர்ப்பு பொருந்தாது என்பது பெறப்படும். மனநோய் மருத்துவ ஆட்சிக்குப் 'பிணநாட்டம்' என்பது ஏற்றது. நாடுதல் ஒருபக்க வினை. நாடப்படுவதன் இசைவை அது வேண்டாது. சாய்வு, விருப்பம் என்னும் இரு பொருளையும் 'நாட்டம்' தாங்கும். பிணம் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவான வேர்ச்சொல்லாதலின், 'ஹெண' என்பதை அடியாகக் கொண்டு கன்னடத்தார் இணைச்சொல் ஆக்கவும் வழியுண்டு. ஃப்ரோமின் ஆட்சிக்குச் 'சாவுநாட்டம்' என்றும், அதன் எதிர்ச்சொல்லுக்கு 'உயிர்நாட்டம்' என்றும் கொள்ளலாம். மூலத்தில் ஓர் ஈற்றால் அமைந்த சொற்குடும்பம் தமிழிலும் ஓர் ஈற்றால் அமையும்.

சட்ட ஆட்சிக்கு 'ஃபீலியா'வின் பெயர்ப்பே வேண்டுவதில்லை. சட்டம் தண்டிப்பது நாட்டத்தை அன்று, செயலை. இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுப் பாலியற் குற்றச் சட்டம் தன் 70ஆம் பிரிவில் இக்குற்றத்தை வரையறுக்குமிடத்து மருத்துவக் கலைச்சொல்லை நாடவில்லை. பிணத்தின்மீது நிகழும் செயலை நேரிய சொற்களால் விவரித்தது. தமிழிலும் 'பிணத்தின்மீதான பாலியல் வன்செயல்' என்பதே தக்கது. 'உடன்' நீங்கி 'மீது' வருவதால் பங்காளி மறைந்து, செயலுக்கு உட்பட்ட உடல் தோன்றுகிறது. 'வன்செயல்' இசைவின்மையைக் காட்டுகிறது. இறந்த பெண் என்று அவளைச் சுட்டுவதா, பெண்ணின் பிணம் என்று சுட்டுவதா என்பதைச் சட்டம் இயற்றுவோரே முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவு எழுதப்படாதவரை, அதனைச் செய்தித்தமிழோ மொழிபெயர்ப்போ 'உறவு' என்னும் ஒரு சொல்லால் முன்கூட்டியே எழுதிவிடுதல் முறையன்று.